பெரிய படம் எடுப்பவர்களுக்கு, மலையகத்திலிருந்து ஒரு திறந்த மடல்

சென்னையில் பெரும் பொருட்செலவில் தமிழ்ப் படம் எடுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும் முன்னணி நடிகர்களுக்கும்,

வணக்கம்.

இலங்கையின் மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, இப்போது அதே பகுதியில் ஒரு தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறவள் நான். அம்மா வாழ்நாள் முழுக்கக் கொழுந்தெடுத்தவர். அப்பா கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது), கான்வெட்டு (வடிகால் வெட்டுவது) என்று மலையில் எல்லா வேலையும் பார்த்தவர். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சம்பளத்துக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்பட்ட விஷயம் சினிமாதான். உங்கள் கணக்கில் நாங்கள் ‘வெளிநாட்டு உரிமை’ என்ற ஒரே வரிக்குள் லண்டன், துபாய், டொரன்டோவோடு சேர்ந்து அடங்கிவிடுகிறோம். அந்த வரிக்குள் இருக்கிற ஒருத்தியாக இதை எழுதுகிறேன்.

2024 நவம்பரில் தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ ஆகிய படங்களை யூடியூப் விமர்சனங்கள் பாதித்துவிட்டன என்றும், தியேட்டர் வளாகத்தில் ரசிகர்களிடம் கருத்துக் கேட்டுப் படம்பிடிக்க விடக்கூடாது என்றும் அதில் சொல்லியிருந்தார்கள். நடிகரின் வீட்டாரை இழுத்துத் திட்டுகிறவர்களை எனக்கும் பிடிக்காது. அந்த விஷயத்தில் நான் உங்கள் பக்கம். ஆனால் ஒரு படம் விழுந்ததற்குக் காரணம் வாசலில் மைக் பிடித்து நின்ற பையன்தான் என்று நீங்கள் மனதார நம்பினால், எங்கள் ஊரில் ஒரு படத்தின் செய்தி எப்படிப் பரவுகிறது என்று சொல்ல வேண்டும். முதல் காட்சி பார்த்துவிட்டு வந்தவர்கள் தோட்டத்து பஸ்ஸில் ஏறுவார்கள். ‘படம் எப்படி?’ என்று கண்டக்டர் கேட்பார். பதில் சொல்வதற்கு முன்பே முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். வேலைக்கு ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் மறுநாள் காலை பேர் கூப்பிடும் நேரத்தில் படம் ஓடுமா ஓடாதா என்று முடிவாகிவிடும். யூடியூப் வராத காலத்திலும் இப்படித்தான் நடந்தது. நல்ல படங்களையும் இதே வாய்கள்தான் தூக்கி நிறுத்தின.

நாங்கள் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறோம் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2021இல்தான் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது. 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாய் ஆக்கப்பட்டது. அதற்குப் பிறகு கூடியதைச் சேர்த்துப் பார்த்தாலும், இரண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பம் டவுனுக்கு இறங்கிப் படம் பார்த்துவிட்டுத் திரும்பினால், பஸ் காசு, டிக்கட், இடைவேளையில் வாங்கிக் கொடுக்கிற ரோல்ஸ் எல்லாமாக ஒரு நாள் உழைப்புக்கு மேலே போய்விடுகிறது. அந்த ஒரு நாள் என்பது மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று கிலோக்கணக்கு நிரப்பிய நாள். உங்கள் படத்துக்கு நாங்கள் கொடுப்பது அதைத்தான்.

சரி, உண்மையிலேயே பெரிய படங்களின் தரம் குறைந்துவிட்டதா? இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எல்லாத் தலைமுறையும் தன் இளமைக்காலத்துச் சினிமாதான் உயர்ந்தது என்று சொல்லும். எங்கள் லயங்களுக்கு டீவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு வந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாசலில் சாக்கு விரித்து, விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். அதில் ஒன்று நல்லதாக இருந்தால் மற்ற இரண்டும் பொறுக்க முடியாதவையாக இருக்கும். அந்த இரண்டையும் இன்று யாருக்கும் நினைவில்லை. மிஞ்சியவற்றை மட்டும் வைத்து ‘அந்தக் காலம்’ என்று பெருமூச்சு விடுவது நியாயமில்லை. தொழில்நுட்பத்தில் இன்றைய படங்கள் எவ்வளவோ முன்னேறிவிட்டன என்பதையும் மறுக்க மாட்டேன். ஒளிப்பதிவு, கலை, உடை, எல்லாவற்றிலும் எங்கள் காலத்து டெக் படம் பக்கத்தில் நிற்க முடியாது.

ஆனாலும் ஒன்று மாறிவிட்டது. முன்பு பெரிய படம் என்றால் அதற்குள் பெரிய உழைப்பு எழுத்தில் இருக்கும் என்று நம்பிப் போகலாம். இப்போது எழுத்து சிறிய படங்களுக்குப் போய்விட்டது. 2024இல் வந்த ‘லப்பர் பந்து’, 2025இல் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ இரண்டுமே அந்தந்த இயக்குநருக்கு முதல் படம். ‘லப்பர் பந்து’ என்ற கிரிக்கெட் கதையில் வருகிற கெத்துவும் யசோதையும் எங்கள் ஊர் ஆட்கள் மாதிரியே பேச்சில் வந்துபோகிறார்கள். கிரிக்கெட் விளையாடுகிற பையன்கள் மட்டுமில்லை, கிரிக்கெட் என்றால் என்னவென்று தெரியாத கிழவிகளும் யசோதையின் கோபத்தைப் பற்றிக் கதைக்கிறார்கள். அதே வருடங்களில் வந்த பெரிய படங்களில், நாயகனைத் தவிர வேறு ஒரு பாத்திரத்தின் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டால் என் வகுப்புப் பிள்ளைகள் திணறுகிறார்கள். அந்தப் படங்களை அவர்கள் பார்க்காமல் இல்லை. ஃபோனில் பாட்டு முழுவதும் மனப்பாடம்.

ஒரு கதை ஏற்கெனவே தெரிந்ததாக இருப்பதோ, படம் நீளமாக இருப்பதோ எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ‘ரசிகனுக்குப் பொறுமை போய்விட்டது, ஃபோனில் முப்பது வினாடி பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது’ என்ற பேச்சை உங்கள் பேட்டிகளில் அடிக்கடி கேட்கிறேன். மாசி மாதத்தில் எங்கள் தோட்டங்களுக்கு வந்து பாருங்கள். காமன் கூத்து நடக்கும். மாசி அமாவாசை கழிந்ததும் கம்பம் ஊன்றுவார்கள். அதிலிருந்து ரதிக்கும் மதனுக்கும் கல்யாணம், சிவனின் தவம், தூது, வீரபத்திரன் வருகை, கடைசியில் காமன் எரிப்பு என்று கதை நாள்கணக்கில் நீளும். தப்பு அடி ஏறும்போது மலையே அதிரும். மதன் எரிந்து சாம்பலாகப் போகிறான் என்று தொட்டில் பிள்ளைக்குக்கூடத் தெரியும். போன வருடமும் எரிந்தான், அதற்கு முந்தின வருடமும் எரிந்தான். இருந்தும் ரதி ஒப்பாரி வைக்கிற நேரத்தில் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்கிற பெண்கள் அழுகிறார்கள். ரதி வேடம் கட்டியிருப்பவர் பக்கத்து லயத்து ஆண் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் இப்படித்தான், ஒரு இரவு முழுக்க ஓடும். இரண்டே முக்கால் மணி நேரப் படம் எங்களுக்கு நீளமா?

கூத்தில் எரிப்புக்கு முன்னால் அவ்வளவு இரவுகள் இருக்கின்றன. மதனும் ரதியும் சந்தோஷமாக இருந்ததைப் பார்க்கிறோம். போகாதே என்று அவள் கெஞ்சுவதைப் பார்க்கிறோம். அந்தக் கெஞ்சலுக்குப் பிறகுதான் நெருப்பு. உங்கள் பெரிய படங்களில் நெருப்பு முதல் காட்சியிலேயே வந்துவிடுகிறது. அப்புறம் இன்னும் பெரிய நெருப்பு, அதற்கப்புறம் அதைவிடப் பெரியது. யாருக்காக அழவேண்டும் என்று தெரியாமலேயே நாங்கள் எழுந்து வருகிறோம்.

பிரமாண்டம் எங்களுக்குப் பிடிக்காது என்று தப்பாக நினைக்க வேண்டாம். பிடிக்கும். மிகவும் பிடிக்கும். 1948இல் எஸ். எஸ். வாசன் எடுத்த ‘சந்திரலேகா’ அந்தக் காலத்துப் பணத்தில் இந்தியாவே வாய்பிளந்த செலவு. அதன் முரசு நடனத்தைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். ஆனால் அந்த முரசுகளுக்குள் வீரர்கள் ஒளிந்திருக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் வெளியே குதித்து அரண்மனையைப் பிடிக்கிறார்கள். செலவு செய்த காட்சியே கதையின் திருப்பமும் ஆகிவிடுகிறது. அதைவிட முக்கியமான விஷயம், வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் ‘கதை இலாகா’ என்று தனியாக ஒன்று இருந்தது. கொத்தமங்கலம் சுப்பு போன்றவர்கள் அதில் இருந்து எழுதினார்கள். படத்தின் எழுத்துப் பட்டியலில் ‘கதை: ஜெமினி கதை இலாகா’ என்றே போட்டார்கள். பெரிய செலவு செய்யப் போகிறவர் முதலில் எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்தார். இன்று உங்களிடம் விஎஃப்எக்ஸ் மேற்பார்வைக்கு எத்தனை பேர், சண்டைப் பயிற்சிக்கு எத்தனை பேர், சமூக ஊடக விளம்பரத்துக்கு எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். கதைக்கு எத்தனை பேர்?

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இன்னொரு சான்று இருக்கிறது. ஹட்டனிலிருந்து கொழும்புக்கு இறங்குகிற வழியில் கித்துல்கல வரும். அங்கே களனி கங்கைக்குக் குறுக்கே டேவிட் லீன் ஒரு நிஜப் பாலம் கட்டி, நிஜ ரயிலை ஓடவிட்டு, இரண்டையும் சேர்த்து வெடிக்க வைத்தார். 1957இல் வெளியான ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ சிறந்த படம் உட்பட 7 ஆஸ்கார் வாங்கியது. இன்றைக்கும் சுற்றுலாப் பயணிகள் அந்த இடத்தைத் தேடி இறங்குகிறார்கள். ஒரு பாலம் வெடிப்பதை இன்று கணினியில் இதைவிடப் பெரிதாகக் காட்டலாம். ஆனால் அந்தப் படம் முழுக்க அந்தப் பாலத்தை ஒரு மனிதன் தன் மானமாக நினைத்துக் கட்டுகிறான். எதிரிக்காகக் கட்டுகிறோம் என்பதையே மறந்து கட்டுகிறான். அதனால்தான் அது வெடிக்கும்போது நெஞ்சு பதைக்கிறது. ‘சந்திரலேகா’வும் இதுவும் வேறு வேறு நாட்டுப் படங்கள், வேறு வேறு ரசனை. இரண்டிலும் கதைதான் பணத்தைக் கேட்டது. இப்போது உங்களிடம் பணம் முதலில் வருகிறது, அதற்கு ஏற்ற கதையைத் தேடுகிறீர்கள். பெரிய படங்கள் இறங்கிப்போனதற்கு என் கண்ணில் படுகிற காரணம் இதுதான்.

எப்படி இங்கே வந்து சேர்ந்தோம் என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். நாயகனின் தேதி கிடைத்ததும் படம் தொடங்கிவிடுகிறது. ஓ.டி.டி. உரிமை, தொலைக்காட்சி உரிமை, பாட்டு உரிமை, வெளிநாட்டு உரிமை என்று எல்லாம் படம் முடிவதற்கு முன்பே பேசப்படுகின்றன. வெளியாகும் தேதி முதலில் அறிவிக்கப்படுகிறது, படம் அந்தத் தேதியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. விற்பனை முடிந்த பொருளுக்கு இனி எதற்கு இழைப்புளி போட வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் வெளிப்படையாக வராது, ஆனால் வேலை அப்படித்தான் நடக்கிறது. 2015இலும் 2017இலும் ‘பாகுபலி’ இரண்டு பாகங்களும் ஓடின ஓட்டத்தைப் பார்த்து எல்லோரும் அதன் அளவை எடுத்துக்கொண்டார்கள். ஒரு கொலை ஏன் நடந்தது என்ற ஒரே கேள்வியை வைத்து இரண்டு வருடம் ஒரு நாட்டையே காத்திருக்க வைத்த எழுத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக ஐந்து மொழிக்கும் ஆளுக்கொரு நட்சத்திரம் என்று சேர்க்கிறார்கள். ஐந்து மொழிக்காரருக்கும் புரிய வேண்டும் என்று எழுதும்போது முதலில் காணாமல் போவது ஊர். எந்த ஊரில் நடக்கிறது என்று தெரியாத கதையில் யாருடைய பேச்சுக்கும் மணம் இருக்காது.

அப்புறம் சத்தம். ‘கங்குவா’ வெளியான வேகத்தில், தியேட்டர்களில் ஒலியை இரண்டு புள்ளி குறைத்து வையுங்கள் என்று அதன் தயாரிப்பாளரே கேட்க வேண்டி வந்தது. ‘இந்தியன் 2’ வெளியான சில நாட்களில் 12 நிமிடம் வெட்டப்பட்டது. முதல் நாள் பார்த்தவர் முழுக் காசையும் கொடுத்து, நீங்களே வேண்டாம் என்று தூக்கி எறியப்போகிற 12 நிமிடத்தையும் சேர்த்துப் பார்த்தார். அந்த 12 நிமிடம் தேவையில்லை என்பது படத்தொகுப்பு மேசையில் தெரிந்திருக்க வேண்டாமா? பல வருடம் உழைத்த கலைஞர்களின் படத்துக்கு இப்படி நடந்தது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னொரு நினைவும் வருகிறது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டியவுடன் பாட்டோடு கதைவசனமும் போடுவார்கள். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ முழுப்படமும் மலை மலையாக எதிரொலிக்கும். கொழுந்து எடுத்துக்கொண்டே அம்மா அடுத்த வசனத்தை முன்கூட்டிச் சொல்வார். அந்தப் படத்தை அவர் திரையில் பார்த்தது பின்னாளில்தான். 1959இல் கலரில் வந்த பெரிய படம் அது. குதிரை, கோட்டை, போர் எல்லாம் உண்டு. ஆனால் குதிரையும் கோட்டையும் கண்ணில் படாமலே, சக்தி டி. கே. கிருஷ்ணசாமி எழுதிய வசனத்தையும் சிவாஜி அதைச் சொன்ன விதத்தையும் வைத்தே எங்கள் மலை அந்தப் படத்தை முழுசாக அனுபவித்தது. போன சில வருடங்களில் வந்த பெரிய படங்களில் ஒன்றை எடுத்து, அதே மாதிரி ஸ்பீக்கரில் மட்டும் போட்டுப் பாருங்கள். துப்பாக்கிச் சத்தம், பின்னணி இசையின் அடி, ஓர் எச்சரிக்கை வசனம், மறுபடி துப்பாக்கி. யார் யாரோடு ஏன் சண்டை போடுகிறார் என்று காதால் மட்டும் கேட்டு ஒருவரும் சொல்ல முடியாது. வசனம் அடுக்குமொழியாக இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை, காலம் மாறிவிட்டது. மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும் என்று கேட்கிறேன்.

பெண்கள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1999இல் ‘படையப்பா’ வந்தது. முழுக்க முழுக்க ரஜினி படம். அதில் அவருக்கு எதிரில் நின்றது ஒரு பெண். நீலாம்பரி கெட்டவள்தான், ஆனால் அவளுக்கு ஆசை இருந்தது, கர்வம் இருந்தது, தோல்வியைத் தாங்க முடியாத ஒரு மனசு இருந்தது. எங்கள் தோட்டத்துப் பெண்கள் இன்றைக்கும் அவளைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு மரியாதை தெரியும். அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. இப்போதைய பெரிய படங்களில் நாயகனின் மனைவி பெரும்பாலும் கடத்தப்படுவதற்காக, மகள் கொல்லப்படுவதற்காக. பழிவாங்க ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணமாக ஒரு பெண். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பதில் மிகப் பெரும்பாலானவர்கள் பெண்கள். வீட்டின் வருமானத்தைச் சுமக்கிறவர்கள். அவர்கள் காசு கொடுத்து வந்து பார்க்கிற படத்தில் அவர்களுக்கு மிஞ்சியது இதுதானா?

2025 ஓகஸ்ட்டில் வெளியான ‘கூலி’க்கு எங்கள் பக்கம் தனியான ஓர் ஆவல் இருந்தது. எங்கள் முன்னோரை வெள்ளைக்காரன் பதிவேட்டில் எழுதியதும் அந்தப் பெயரில்தான். ரஜினி, நாகார்ஜுனா, உபேந்திரா, சௌபின் சாஹிர், ஆமிர்கான் என்று ஐந்து மொழியிலிருந்தும் ஆட்கள். இந்தியாவில் ‘ஏ’ சான்றிதழோடு வந்தது. உழைக்கிறவர்களின் வாழ்க்கை கொஞ்சமாவது உள்ளே இருக்கும் என்று போனோம். கடத்தல் கும்பலும் வெட்டுக்குத்தும்தான் மனதில் நின்றது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன தாய்மார் எத்தனை தரம் அவர்களின் கண்ணைப் பொத்தினார்கள்! பெரிய நாயகனின் படம் என்றால் மூன்று தலைமுறை ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்க்கும் என்ற வழக்கத்தை நீங்களே உடைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

போதைப்பொருள் கடத்தல் கதையைத் தவிர பெரிய பணத்தைக் கேட்கிற கதை இல்லையா என்று கேட்டால், எங்கள் வரலாற்றை மட்டும் எடுத்தாலே பத்துப் படம் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கடல் கடந்து வந்து, தலைமன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து, வழியில் காலராவுக்கும் பசிக்கும் பலரைப் பறிகொடுத்து, மாத்தளை வழியாக மலையேறிய மக்கள் நாங்கள். அந்த வருகையின் 200ஆவது ஆண்டை ஒட்டி, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை எங்கள் ஆட்கள் அதே வழியில் மறுபடி நடந்தார்கள். வெளியார் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில், தஞ்சாவூரிலிருந்து வந்த தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேடத்தில் உள்ளே நுழைந்து தொழிலாளர் நிலைமையைத் தெரிந்துகொண்டார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் பாட்டுக் கட்டித் தோட்டம் தோட்டமாகப் பாடினார். மாறுவேடம், பாட்டு, போராட்டம் எல்லாம் இருக்கிற ஒரு தம்பதியின் கதையைவிட மசாலாப் படத்துக்கு வேறென்ன வேண்டும்? 1940இல் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளி கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் கையெழுத்திட்டு எங்கள் மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தார்கள், அண்ணன் அங்கே தம்பி இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. அப்படித் திரும்பியவர்களில் பலருக்கு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட்டு வேலை கொடுத்தது தமிழக அரசு. நீங்கள் நீலகிரியில் பாட்டு எடுக்கும்போது பின்னால் கூடையோடு தெரிகிற பெண்களில் எங்கள் அத்தை, சின்னம்மா மக்களும் இருக்கலாம். எந்தப் படமும் அவர்கள் பக்கம் திரும்பி நின்று இரண்டு கேள்வி கேட்டதில்லை. கவ்வாத்து வெட்டிய செடிகளுக்கு நடுவே நாயகி எப்படி ஓடுகிறாள், கால் கிழியாதா என்றுதான் எங்கள் பெண்கள் கேட்பார்கள்.

எங்களைப் பற்றித்தான் எடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. இங்குள்ள தயாரிப்பாளர் வி. பி. கணேசன் 1975இல் ‘புதிய காற்று’ எடுத்து, தோட்டத்து மக்களின் கதையை இங்கேயே திரைக்குக் கொண்டுவந்தார். கையில் உள்ள பணத்தைப் போட்டு எடுத்த படம், உங்கள் ஒரு சண்டைக் காட்சியின் செலவுகூட இருந்திருக்காது. இங்கே எடுக்க வேண்டியதை இங்கே உள்ளவர்கள் எடுப்பார்கள், இளைஞர்கள் குறும்படம் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது, ஆயிரம் பேரும் கப்பலும் மலையும் உண்மையிலேயே தேவைப்படுகிற கதைகள் தமிழில் குவிந்து கிடக்கின்றன. அவை கிடக்க, ஒரு கிடங்கில் நடக்கிற சண்டைக்கு ஆயிரம் பேரை நிறுத்துகிறீர்கள்.

இனி என் வேண்டுகோள்கள். திரைக்கதை முழுதாக எழுதி முடிந்த பிறகு தேதியை அறிவியுங்கள். பொங்கலும் தீபாவளியும் ஒவ்வொரு வருடமும் வரும். எழுதுகிறவருக்கு ஒரு வருடச் சம்பளம் கொடுத்து உட்கார வையுங்கள், அவர் பெயரை சுவரொட்டியில் நாயகன் பெயருக்குக் கீழே கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போடுங்கள். கதை எழுதுகிற அறையில் இரண்டு பெண்களாவது இருக்கட்டும். நாயகர்களிடம் ஒரு தனி வேண்டுகோள்: உங்கள் சம்பளம் படத்தின் செலவில் எவ்வளவு பங்கு என்று நீங்களே ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். 2024 ஜூலையில் தயாரிப்பாளர்கள் சங்கமே நடிகர் சம்பளமும் செலவும் கட்டுக்கடங்காமல் போகிறது என்று கூடித் தீர்மானம் போட்டது. உங்களுக்குக் கிடைக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் உங்கள் படம் ஒட்டி வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். ஆனால் உங்களோடு நடிக்கிறவருக்கு நல்ல நான்கு காட்சி கிடைத்தால் உங்கள் படம்தான் உயரும், இதை உங்கள் பழைய படங்களே சொல்கின்றன.

வெளியிட்ட பிறகு 12 நிமிடம் வெட்டுவதைவிட, வெளியிடும் முன்பு உங்களைத் தெரியாதவர்களிடம் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். ரசிகர் மன்றத்தாரையும் நண்பர்களையும் கூப்பிட வேண்டாம். முடிந்தால் அப்படி ஒரு காட்சியை ஹட்டனிலோ பதுளையிலோ வையுங்கள். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வையுங்கள், மற்ற நாட்களில் மலைக்குப் போக வேண்டும். மைக்கும் கமராவும் எங்களிடம் இருக்காது. படம் முடிந்ததும் வாசலில் நின்று கேளுங்கள். எந்த இடத்தில் பிள்ளை தண்ணீர் கேட்டது, எந்த இடத்தில் பக்கத்து இருக்கைக்காரி ஃபோனை எடுத்தாள், எந்த இடத்தில் ஹோல் முழுக்க மூச்சு விடாமல் இருந்தது என்று எங்கள் பெண்கள் ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். எழுதிக்கொள்ள ஆள் அனுப்பினால் போதும்.

அன்புடன்,
ஹட்டன் பகுதித் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருத்தி